அழுத்தம் குறைந்தால் பாறையும் உருகும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 2007-ல் எரிமலையிலிருந்து வழிந்து இறுகிய கருங்கல்லை உடைத்தால் உள்ளே பச்சை மணிகள் மின்னும். ஆலிவின் என்ற கனிமம் அது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசத்தின் மேற்பகுதியிலும் இதுதான் மிகுதி. அந்தக் கவசம் கெட்டிப் பாறை. பாடப்புத்தகப் படங்களில் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசிவைத்திருப்பதால், பூமிக்குள் தீக்குழம்பு தளும்புவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கெட்டிப் பாறை எப்படிக் குழம்பாகிறது? சூடு கூடியதால் என்று சொல்லத் தோன்றும். ஆனால் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, ஆறுவதற்குள் வெயிட்டைத் தூக்கிப் பாருங்கள்: புதிதாகச் சூடு எதுவும் ஏறவில்லை, அழுத்தம்தான் போனது, உள்ளே நீர் குபுகுபுவெனக் கொதிக்கிறது. தரையின் மேல் 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும் கவசப் பாறை, 100 கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 1,450 டிகிரியிலும் கெட்டியாகவே இருக்கும். மேலே அழுத்தும் எடை அப்படி.

ரீயூனியனுக்கு அடியில், சுற்றியுள்ளதைவிடச் சூடான பாறை மெல்ல மேலேறி வருகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் உருகி, பாறைத் துகள்களின் இடுக்குகளில் கசிந்து சேர்கிறது. இந்த வெப்பப் புள்ளிக்கு வயது அதிகம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் தக்காணத்தை எரிமலைப் பாறையால் மூடியதும், பிறகு இலட்சத்தீவு, மாலத்தீவுகளுக்கு அடித்தளம் இட்டதும் இதே ஊற்றுதான் என்பது பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. நிலத்தையும் கடலடியையும் சுமக்கும் பாறைத் தட்டுகள் நகர்ந்தன, ஊற்று பின்தங்கியது.

குழம்பு பாறையைவிட இலேசு. விரிசல்கள் வழியே ஏறி, பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையின் (2,632 மீட்டர்) அடியில், கடல் மட்டத்தை ஒட்டிய ஆழத்தில் தேங்குகிறது. அதை வெளியே தள்ளுவதிலும் அழுத்தக் குறைவுக்குப் பங்குண்டு. குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்களில் கரியமில வாயு ஆழத்திலேயே பிரியத் தொடங்கும். நீராவியும் கந்தக வாயுவும் மேற்பரப்பை நெருங்கும்போது குமிழியிடும். குமிழிகள் பெருகப் பெருகக் குழம்பு விரிந்து பீறிடும். இங்குள்ள குழம்பில் சிலிக்கா குறைவு, அதனால் இளகலானது. வாயு எளிதாகத் தப்பிவிடுவதால் மலையையே சிதறடிக்கும் வெடிப்பு அரிது. தீ ஊற்றும் ஓடையும்தான் வழக்கம்.

2007 ஏப்ரலில் நடந்தது கொஞ்சம் விபரீதம். உச்சிக்கு வெகு கீழே, கடலை நெருங்கிய சரிவில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் பிளவு திறந்தது. தாழ்வான வாய் ஆதலால் குழம்பு மளமளவென வடிந்து, கடற்கரைச் சாலையைப் புதைத்துக் கடலில் விழுந்தது. தாங்க ஆளில்லாமல் உச்சியிலிருந்த தொலொமியூ பள்ளத்தின் தரை, சில நாட்களில் படிப்படியாக 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது.

தேங்கும் குழம்பு மலையைச் சில சென்டிமீட்டர் உப்ப வைக்கும். பாறை விரிசல் விடும்போது சிறு நடுக்கங்கள் கூட்டமாக வரும். 1979-ல் தொடங்கிய கண்காணிப்பகம் இவ்விரண்டையும் விடாமல் அளக்கிறது. அறிகுறி வலுத்தால் முதல் வேலை, மலையேறிகள் செல்லும் பாதையை மூடுவது.