தக்கலைக்கு ஒரு முளகுமூடு டிக்கெட்

நாகர்கோவிலில் கல்லூரி விட்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறும் அந்தப் பையன் இறங்க வேண்டியது தக்கலையில். ஆனால் அவன் வாங்குவது அதைத் தாண்டியுள்ள முளகுமூட்டுக்கு டிக்கெட். சில ரூபாய் கூடுதல்தான், கண்டக்டர் “என்ன?” என்று திருப்பிக் கேட்க மாட்டார். வாயின் மேற்கூரை ஒட்டாமல் பிளந்திருக்கும் அண்ணப்பிளவோடு பிறந்தவன் அவன். இதை என்னிடம் சொன்ன அன்று வெகுநேரம் மனம் கனத்துக் கிடந்தது.

அவன் போட்ட கணக்கு சரியானது. வாயின் மேற்பகுதியில், பின்பக்கமாக இருக்கும் மெல்லண்ணம் ஒரு கதவு மாதிரி. வல்லின எழுத்துகளுக்கு அது உயர்ந்து, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். வாய்க்குள் காற்று தேங்கி வெடித்தால்தான் ‘த’வும் ‘க்க’வும் பிறக்கும். மெல்லினத்துக்குக் கதவு திறந்தே இருக்கும். அதற்கு மூக்கைப் பிறப்பிடமாக நம் இலக்கணம் சொல்வது இதனால்தான். பிளவைத் தைத்த பிறகும் சிலருக்குக் கதவு முழுதாக எட்டுவதில்லை. காற்று மூக்கு வழியே கசிந்து ‘தக்கலை’ குழைந்துவிடும். ‘முளகுமூடு’வில் இரண்டு மகரங்கள், ‘கு’வும் ‘டு’வும் மெலிந்தே ஒலிப்பவை.

உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. கருவின் முகத்தில் இருபுறமிருந்தும் வளரும் திசுக்கள், உதட்டில் 4 முதல் 7 வாரங்களுக்குள்ளும் அண்ணத்தில் 6 முதல் 9 வாரங்களுக்குள்ளும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பிளவு. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று தாயைக் கேட்பது நம் வீடுகளில் ஓயவில்லை. அதைக் கேட்டு வளரும் பிள்ளை, அம்மா செய்த தவறுதான் தன் முகம் என்று நம்பத் தொடங்கும்.

வடு பெரிதாக இருந்தால் வருத்தமும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பிளவின் அளவைவிட, பட்ட கேலியும் தன் தோற்றத்தைப் பற்றித் தனக்குள்ள எண்ணமுமே மனத்தை அதிகம் பாதிக்கின்றன. 1980இல் கிளெக், ஸ்ட்ரெண்டா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் வடு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு க்ரீம் பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அதை அழித்துவிட்டார்கள். வடுவே இல்லாத முகத்தோடு பேசிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் தங்கள் வடுவைக் கண்டு சங்கடப்பட்டதாகச் சொன்னார்கள்.

பிளவோடு பிறந்தவர்கள் பட்ட கேலி கற்பனையல்ல. அதை இந்தச் சோதனை மறுக்கவும் இல்லை. ஆனால் ஒருமுறை பட்டவன் அடுத்த பார்வையிலும் கேலியையே எதிர்பார்க்கிறான். வாயைக் கையால் மறைக்கிறான், முகம் திருப்புகிறான். எதிரில் இருப்பவர் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டு விலகுகிறார். அவனுடைய பயம் உறுதியாகிறது. தாடை வளர்ந்து முடியும் வரை, ஏறத்தாழ 18 வயதுவரை, கடைசிக் கட்ட அறுவைக்குப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். கண்ணாடியைவிட்டு நகராத வயதும் அதுவே.

இந்தச் சுழல் உடையும். கதவு எட்டாவிட்டால் மறு அறுவை உண்டு. பழகிப்போன தவறான ஒலிப்புக்குப் பேச்சுப் பயிற்சி உண்டு. உற்றுப் பார்ப்பவரிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பதும் உதவும்: “பிறக்கும்போதே உதடு பிளந்திருந்தது, ஆபரேஷன் செய்தாயிற்று. நீங்கள் எந்த ஊர்?” தாங்க முடியாத நாளில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அந்தப் பையன் இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். பயிற்சித் தாளில் அவனே எழுதிக்கொண்ட சொற்கள்: தக்கலை, குளச்சல், பத்மநாபபுரம், பேச்சிப்பாறை.