“நான் எந்திரிச்சுப் போயிருந்தா விழுந்திருக்க மாட்டாம்லா”

“இன்னும் இருபது பீடி சுத்துனா ஆயிரம் முடிஞ்சிரும்னு பாத்தேன் மேடம். அப்பமே நான் எந்திரிச்சுப் போயிருந்தா விழுந்திருக்க மாட்டாம்லா?”

அந்த அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். எலும்பு டாக்டர் பத்து நிமிடம் பார்க்கும் குடும்பத்தை நான் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், ஒன்றரை மாதம் பார்க்கிறேன். அதனால் எக்ஸ்ரேயில் விழாத சில விஷயங்கள் என் கண்ணில் படும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பையனுக்கு ஏழு வயது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். அம்மா திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இவன் பக்கத்து மதிலில் ஏறிக் கொடுக்காப்புளி பறித்தான். கால் சறுக்கியது, வலது கையை ஊன்றி விழுந்தான், முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. சுப்ராகாண்டைலர் முறிவு என்பார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைப் பக்கம் அதிகம் வருவது இதுதான். அந்த வயதில் அந்த இடத்து எலும்பு மெலிந்து தட்டையாக இருக்கும். கையை நீட்டி ஊன்றி விழும்போது பாரமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். பக்கத்திலேயே ஆள் நின்றாலும் பிடிக்க முடியாத வேகத்தில் நடந்து முடிந்துவிடும்.

இதையெல்லாம் அவரிடம் படம் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். அடுத்த தடவை வந்தபோது மறுபடியும் அதே இருபது பீடிக் கதை.

எனக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது. கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகியும் அவன் கை மடங்கவே இல்லை. கட்டுப் பிரித்த புதிதில் முழங்கை இறுகித்தான் இருக்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் சும்மா விளையாடி, சட்டை போட்டு, பை தூக்கியே பெரும்பாலும் சரியாகிவிடும். இவனுக்கு மட்டும் ஏன் அசையவில்லை? வீட்டில் என்னென்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“சோறு எப்படித் திங்கான்?”

“நான்தான் ஊட்டுதேன்.”

“மூணு வேளையுமா?”

“மூணு வேளையும்தான். பாவம்லா, வலிக்கும்லா.”

குளிப்பாட்டுவது அவர். சட்டை மாட்டிவிடுவது அவர். ராத்திரி அவன் தூங்கின பிறகு ஆச்சி காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைப் போட்டு முழங்கையை உருவி, மடக்கி மடக்கிப் பார்ப்பதும் அவர்தான். சட்டென்று விளங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதைவிட முழங்கைக்கு நல்ல பயிற்சி என்னிடம் எதுவும் இல்லை. அதை அம்மாவின் உறுத்தல் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டது. கூடாத ஒன்றை அதே உறுத்தல் ராத்திரி செய்யவும் வைத்தது. முழங்கை முறிவுக்குப் பிறகு பிள்ளைகளின் கையைத் தேய்த்து நீவுவதும், வலிக்க வலிக்க மடக்குவதும் பெரிய தப்பு. சுற்றியுள்ள தசை வீங்கி, அதற்குள்ளேயே எலும்பு போல ஒன்று வளர்ந்து, கை நிரந்தரமாக இறுகிப்போகலாம். அன்பாகச் செய்வதுதான், ஆனால் கைக்கு அது தெரியாதே.

அன்று அவனுக்கு நான் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: உன் சோற்றை நீயே தின்னணும். சிந்தினால் சிந்தட்டும்.

அவனோடு தனியாக இருந்த ஒரு ஐந்து நிமிடத்தில், “இப்பம் வெளையாடப் போறியால?” என்று கேட்டேன். போகவில்லை என்றான். பயமா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, “நான் விழுந்தா அம்மைய ஏசுவாக” என்றான்.

ஏழு வயதுப் பிள்ளை. அப்பா வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் அம்மாவை ஏசியதை, ஆச்சி வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னதை, அம்மா அடுக்களையில் அழுததை எல்லாம் அவன் கணக்கு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கில் குற்றவாளி அவன்தான். பெற்றவர்கள் தங்களுக்குள் வைத்துப் புழுங்குவதாக நினைப்பது பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதே இல்லை. அதற்கு அவர்கள் தங்கள் மேலேயே பழியைப் போட்டு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு வரிதான் சொல்லிக் கொடுத்தேன். “நீ விழுந்தது உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. எனக்கு வருத்தமா இருந்துச்சு, அதான் அழுதேன். இப்பம் சரியாயிட்டு.” அழுததை மறைக்க வேண்டாம், ஏன் அழுதோம் என்பதை மட்டும் சொன்னால் போதும். வீடியோ கால் விஷயத்தில் நானே அந்த அப்பாவிடம் பேசினேன். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியாத தவிப்புதான் அவருக்குக் கோபமாக வந்திருந்தது. பேசப் பேச அவரும் அழுதுவிட்டார்.

இந்த உறுத்தலால் வரும் ஆபத்து, அடிபட்ட முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் “எப்படி விழுந்தான்?” என்று கேட்டால் நிறைய அம்மாக்களுக்கு “நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்த?” என்றுதான் காதில் விழுகிறது. மரத்திலிருந்து விழுந்த பிள்ளையை “நடக்கையில தடுக்கி விழுந்துட்டான்” என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் கேட்பது எவ்வளவு உயரம், தலை பட்டதா, கை எந்தப் பக்கம் மடங்கியது என்று தெரிந்துகொள்ள. பத்தடி உயரத்திலிருந்து விழுந்திருந்தால் கையோடு நிற்காமல் தலை, முதுகு, வயிறு எல்லாம் பார்க்க வேண்டும். தடுக்கி விழுந்ததாகச் சொன்னால் கையை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. தயவுசெய்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று ராத்திரியோடு ராத்திரியாக நாட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கை உள்ளே வீங்கும்போது, கட்டு விரிந்து கொடுக்காது. ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே தசை சாக ஆரம்பிக்கும். பிறகு விரல்கள் கொக்கி போல மடங்கி ஆயுசுக்கும் அப்படியே நின்றுவிடும். அப்படி ஒரு கையோடு என்னிடம் வந்த பெண்பிள்ளையை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும் இது நடக்கலாம் என்பதால், யார் கட்டிய கட்டாக இருந்தாலும் விரலைப் பாருங்கள். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், மரத்துப்போனதாகச் சொன்னால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள். அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த வழியிலேயே பிஸ்கட், பால் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டியான சாப்பாடு என்றால் ஆறு மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். டாக்டர் பார்க்கும்வரை ஒன்றும் கொடுக்காதீர்கள். அப்புறம், கையில் வளையலோ சாமிக் கயிறோ இருந்தால் வீங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிடுங்கள், கழறாவிட்டால் வெட்டிவிடுங்கள். கயிற்றை வெட்டத் தயங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமி கோவிக்காது. கையை நிமிர்த்தப் பார்க்காமல், இருக்கிற வாக்கிலேயே அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் துண்டால் தொங்கக் கட்டி, கூட்டி வாருங்கள். தலையில் அடிபட்டு நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கி விழுந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கை சேர்ந்தாகிவிட்டது, சரி. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பவும் வருத்தம். “இனிமே வெளிய விடமாட்டோம்” என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார்கள். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளியில் கோ-கோ விளையாடி மணிக்கட்டு முறிந்த ஒரு பதினோரு வயதுப் பிள்ளை ஐந்து வாரத்தில் முழுசாகக் குணமாகிவிட்டாள். அப்பா விளையாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “என் கையாலதான கையெழுத்துப் போட்டு அனுப்புனேன்” என்பது அவர் சொன்ன காரணம். எத்தனையோ பேசிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் இப்போது விளையாடுவதில்லை. ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்குத்தான் எலும்பு உறுதியாகிறது. ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாடி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மண் தரையில் விழுவதும் எழுவதும் அதில் சேர்த்தி.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாமிரபரணியிலோ குளத்திலோ கிணற்றிலோ பிள்ளை இறங்கினால், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கத்தான் வேண்டும். மூடி இல்லாத கிணறு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, லாரி போகும் ரோட்டோரம், இவையெல்லாம் உண்மையிலேயே நம்மால் மாற்ற வேண்டியவை, மாற்றக்கூடியவை. உறுத்தல் வரும்போது நான் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த இடத்தில் இப்போது எதையாவது மாற்ற முடியுமா? முடியும் என்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அந்த மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது, அதை எடுக்க வைத்தோம். வேறு எதுவும் மாற்ற இல்லை. அம்மா வேலை பார்த்துக்கொண்டிருந்ததை மாற்ற முடியுமா? அந்த ஆயிரம் பீடியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது.

சிலருக்குப் பேச்சால் மட்டும் தீராது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் பிள்ளை விழுவதே தெரிகிறது, வேலை ஓடவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். பிள்ளை படுக்கையை நனைக்க ஆரம்பித்தாலும், தூக்கத்தில் அலறினாலும் கூட்டிப் போங்கள்.

அந்தப் பையனுக்கு முதல் வாரம் கை தாடை வரைகூட எட்டவில்லை, தலையைக் குனிந்து கையிடம் கொண்டுபோய்த் தின்றானாம். மூன்றாவது வாரம் வாயை எட்டிவிட்டது. ஏப்ரல் கடைசியில், கடைசித் தடவையாக வந்தபோது சட்டைப்பை நிறையக் கொடுக்காப்புளி. மேசை மேல் கொட்டி, வலது கையாலேயே உரித்து எனக்கு ஒன்று நீட்டினான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“கீழ நின்னு தொரட்டியால பறிச்சது மேடம்,” என்றார். “நான் பீடி சுத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.”