கோபத்தை முதலில் காணும் கண்கள்

கணினித் திரையில் கலங்கலாக ஒரு முகம் தோன்றி, படிப்படியாகத் தெளிகிறது. எந்தக் கட்டத்தில் அந்த முகத்தின் உணர்ச்சியைப் பிள்ளையால் சொல்ல முடிகிறது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக்கும் அவரது சக ஆய்வாளரும் 2002இல் வெளியிட்ட சோதனை இது. அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள் கோப முகத்தை மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே, படம் தெளியாதபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். சிறுவயதுக் காயம் சில பிள்ளைகளைக் குற்றம்வரை கொண்டுபோவது எப்படி என்பதற்கு இங்கே ஒரு தடயம் இருக்கிறது.

குடித்துவிட்டு வரும் அப்பாவின் முகம் மாறுவதை ஒரு நொடி முன்னால் உணர்ந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம். அந்த வீட்டில் இது உயிர்காக்கும் திறமை. வகுப்பறையில் அதுவே வினையாகிறது. தற்செயலாக ஒருவன் தோளில் இடித்தால், 'வேண்டுமென்றே இடித்தான்' என்று மனம் முடிவுகட்டிக் கை ஓங்கிவிடுகிறது. கென்னத் டாட்ஜ் குழுவினர் 1990இல் மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடமே இந்தத் தவறான கணிப்பைப் பதிவுசெய்தார்கள்.

மூளையில் ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அமிக்டலா. 'பொறு, யோசி' என்று அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. அது முதிர இருபத்தைந்து வயதுகூட ஆகலாம். பதின்பருவத்தில் எல்லோருக்குமே கடிவாளம் தளர்வுதான். ஓயாத அச்சத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அமிக்டலா சிறு சீண்டலுக்கும் துள்ளியெழுகிறது. கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனும் ஒழுங்கு தவறுகிறது: சிலருக்கு எப்போதும் மிகுதி, வேறு சிலருக்கு நாளடைவில் மந்தம். மந்தமானவர்கள் அச்சமும் குற்றவுணர்வும் அற்றவர்கள்போல் தெரிவார்கள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் விசாரணை அதிகாரி பெரும்பிழை செய்கிறார்.

குற்றத்துக்குப் போகும் வழி சண்டை மட்டுமல்ல. அடி தாங்காமல் ஓடிப்போகும் பிள்ளை சாப்பாட்டுக்குத் திருடுகிறது. தூக்கம் வராத பிள்ளை போதையைத் தேடுகிறது.

சிறையில் இருப்பவரிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால் நினைவு பிசகலாம். அதனால் உளவியல் ஆய்வாளர் கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார். 1967 முதல் 1971 வரை அமெரிக்க நீதிமன்றத்தில் வன்கொடுமையோ புறக்கணிப்போ நிரூபிக்கப்பட்ட 908 பிள்ளைகளையும், வயது, பாலினம், இனம், குடும்ப நிலை ஆகியவற்றில் அவர்களை ஒத்த 667 பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, பின்னாளில் யார் கைதானார்கள் என்று பதிவேடுகளில் தேடினார். 1989இல் வந்த முடிவு: சிறார் பருவத்தில் கைதானவர்கள் முதல் குழுவில் 26 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். அடியே வாங்காமல், கவனிப்பாரின்றி விடப்பட்ட பிள்ளைகளிடமும் வன்முறைக் கைதுகள் கூடியிருந்தன. புறக்கணிப்பு தழும்பு விடுவதில்லை. அதனாலேயே கண்ணுக்குத் தப்புகிறது.

அந்த 26 சதவீதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பிள்ளைகள் சிறுவயதில் கைதாகவே இல்லை. ஃபுளோரிடாவில் வழக்குக்குள்ளான 64,329 சிறார்களைப் பற்றி 2014இல் வந்த ஆய்வில் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் வன்கொடுமை, வீட்டுச் சண்டை, பெற்றோர் பிரிவு, குடும்பத்தில் ஒருவர் சிறை சென்றது போன்ற பத்து வகைத் துன்பங்களில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். இரண்டு எண்களும் முரண்படவில்லை. முன்னது காயப்பட்டவர்களிலிருந்து குற்றத்தைத் தேடுகிறது, பின்னது குற்றத்திலிருந்து காயத்தைத் தேடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அந்தப் பத்தில் எத்தனை நேர்ந்தன என்று எண்ணி, 'இவனுக்கு ஆறு மதிப்பெண், ஆகவே ஆபத்தானவன்' என்று முத்திரை குத்துவது அநியாயம். துன்பத்தின் கடுமையையோ, அது எந்த வயதில் நேர்ந்தது என்பதையோ, அணைத்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தாளா என்பதையோ அந்த மதிப்பெண் அளப்பதில்லை.

சிறார்களை அடைத்துவைக்கும் காவல் இல்லமும் பழைய காயத்தையே கிளறுகிறது. கைவிலங்கு, ஆடை களைந்து சோதனை, தனியறை என்று ஒவ்வொன்றும் அமிக்டலாவுக்குப் பழகிய ஆபத்து மணி. சிகாகோவில் வழக்குகள் நீதிபதிகளுக்குக் குலுக்கல்போல் போய்ச் சேர்ந்ததைப் பயன்படுத்தி, ஒரே மாதிரியான வழக்குகளில் கடுமையானவரிடமும் மென்மையானவரிடமும் சிக்கிய சிறார்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் ஐசரும் டாயிலும் ஒப்பிட்டார்கள் (2015). அடைக்கப்பட்டவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பது குறைந்தது, பெரியவர்களான பின் சிறை செல்வது கூடியது. சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களும் குற்றத்தைக் கூட்டவே செய்தன.

பலன் தருபவற்றுள் ஒன்று, மனக்காயத்தை மையமாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சை. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள், முடிந்தவரை பாதுகாவலரும் உடன் வர வேண்டும். மூச்சுப் பயிற்சி, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லப் பழகுவது, எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது ஆகியவை முதலில். நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்வது அதன் பிறகே. இந்த வரிசை புரண்டால் பிள்ளை பயந்து அடுத்த அமர்வுக்கு வராமல் போகலாம். அடித்தவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால், பாதுகாப்பை உறுதிசெய்வதே முதல் வேலை. முகம் பார்த்து உஷாராகும் பழக்கத்தை அதுவரை கைவிடச் சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளைக்கு இன்று இரவும் அது தேவைப்படலாம்.