அலோவேரா: இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்லணும்?

அலோவேராவுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா கத்தாழைன்னு பட்டுனு சொல்லிடுவோம். தப்பில்ல, ஆனா பாதி பதில்தான். முழுப் பேரு சோற்றுக்கற்றாழை. முன்னாடி இருக்கிற அந்த "சோறு" சும்மா அடைமொழி இல்ல, அந்தச் செடியில எதைத் திங்கலாம் எதைத் திங்கக்கூடாதுங்கிறதே அதுலதான் இருக்கு.

முதல்ல அலோவேராவையே பிரிச்சுப் பாப்போம். "வேரா" லத்தீன், உண்மையான, அசலான-ன்னு அர்த்தம். நம்ம "வேர்"க்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, அப்படிச் சொல்லிட்டுத் திரியுறதை நம்பாதீங்க. அலோ இனத்துல நூத்துக்கணக்கான செடி இருக்கு, அதுல மருந்துக்குன்னு பேர் வாங்கின அசல் அலோ இதுதான்னு காட்டத்தான் "வேரா". 1768ல நிக்கோலாஸ் பர்மன்ங்கிற டச்சு தாவரவியலாளர் தன்னோட இந்தியத் தாவரங்கள் பத்தின நூல்ல இந்தப் பேரை அச்சேத்தினாரு. அதே வருஷம் சில நாள் கழிச்சு இங்கிலாந்துல பிலிப் மில்லர் அதே செடிக்கு அலோ பார்படென்சிஸ்னு பேர் வச்சாரு, ஏன்னா அங்க வந்த சரக்கு பார்படோஸ் தீவுல விளைஞ்சது. முந்தி வந்த பேருதான் செல்லும்ங்கிறது விதி, அதனால அலோவேரா நின்னுச்சு, ஆனா க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாத்தா இன்னமும் பார்படென்சிஸ்னுதான் போட்டிருக்கும். செடியோட சொந்த ஊரு இந்தியாவும் இல்ல, பார்படோஸும் இல்ல, அரேபியத் தீபகற்பம்.

இனி "அலோ"வுக்கு வருவோம், இங்கதான் கதை நம்ம பக்கம் திரும்புது. ஆங்கிலத்துக்கு லத்தீன் வழியா வந்தது, லத்தீனுக்குக் கிரேக்கத்துலருந்து, அங்க "அலோயே". அதுக்குப் பின்னாடி எபிரேயத்துல "அஹாலிம்"னு ஒரு சொல் இருக்கு, ஆனா அது கசப்புச் செடி இல்ல, வாசனைக் கட்டை. அந்தக் கட்டை நம்ம அகில். அஹாலிம்ங்கிறதுக்கு மூலம் தமிழ் அகில் மாதிரியான ஒரு திராவிடச் சொல்லா இருக்கலாம்னு மொழியியல் அறிஞர்கள் பலர் கருதுறாங்க, சமஸ்கிருதத்துல அகரு, அகுருன்னு வர்றதும் இதே குடும்பம்தான். நூத்துக்கு நூறு முடிஞ்ச விஷயம் இல்ல, ஆனாலும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்துல ஆரமும் (சந்தனம்) அகிலும் வந்து குவிஞ்சு கிடந்ததைப் பட்டினப்பாலை சொல்லுது, அப்படிச் சரக்கு போற வழியில சரக்கோட பேரும் கப்பலேறுறது இயல்புதான?

அதனால "அலோவேராவே தமிழ்ச் சொல்தான்"னு யாராவது மார்தட்டினா, கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்வேன். தமிழ்ச் சொல்லா இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா வேற பொருளுக்கான தமிழ்ச் சொல். அகில் கட்டை ஒண்ணு, கத்தாழைச் சாறு இன்னொண்ணு, ரெண்டும் கிழக்குலருந்து வந்த விலை உசந்த மருந்துச் சரக்கு, ரெண்டும் ஒரே பேர்ல ஒட்டிக்கிச்சு. முதல் நூற்றாண்டுல எழுதின கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ், கத்தாழைச் சாறு இந்தியாவுலருந்து வருதுன்னு எழுதியிருக்காரு. அகிலுக்குன்னு கிரேக்கத்துல அகல்லோகோன்னு தனிச் சொல் இருந்துச்சு, இருந்தும் குழப்பம் தீரல.

குழப்பம் எவ்வளவு தூரம் போச்சுன்னா நம்ம தமிழ் பைபிள் வரைக்கும். பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்க, நீதிமொழிகள் 7:17ல படுக்கையை வாசனை கட்டுற அந்த அஹாலிமைச் "சந்தனம்"னு போட்டிருப்பாங்க, யோவான் 19:39ல இயேசுவோட உடலை அடக்கம் பண்ணக் கொண்டு வந்த அலோயேவைக் "கரியபோளம்"னு போட்டிருப்பாங்க. ஒரே பொருளா இருக்க வாய்ப்புள்ளது ஒரு இடத்துல சந்தனம், இன்னொரு இடத்துல கத்தாழைச் சாறு. அகில்ங்கிற சொல் ரெண்டாயிரம் வருஷமா நம்ம கையில இருந்தும் ரெண்டு இடத்துலயும் வரலைங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அகிலோட பேருக்கு இன்னொரு பயணமும் உண்டு. போர்ச்சுகீசியர் கேரளக் கரையில அகில்னு கேட்டதை ஆகிலான்னு எழுதினாங்க, அது லத்தீன்ல கழுகைக் குறிக்கிற ஆக்விலா மாதிரியே காதுல விழுந்துச்சு, உடனே ஐரோப்பாவுல அது "கழுகு மரம்" ஆயிடுச்சு. ஆங்கிலத்துல ஈகிள்வுட்னு இன்னைக்கும் சொல்றாங்க, கழுகுக்கும் மரத்துக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. (அகில் மரம் சும்மா வெட்டினா மணக்காது, காயம் பட்டுப் பூஞ்சை புகுந்து மரம் பிசின் சுரந்து கறுத்த இடம்தான் மணக்கும், அதனாலதான் அந்த விலை.)

சரி, கத்தாழைக்கு வருவோம். எழுத்து வழக்குல கற்றாழை, கல் + தாழை, லகரமும் தகரமும் சேர்ந்தா ற்ற வரும். தாழைன்னா முள் விளிம்பு வச்ச நீள மடல் உள்ள செடி, தாழம்பூச் செடியை நெனச்சுக்குங்க. அதே சாயல்ல கல்லுலயும் கட்டாந்தரையிலயும் நிக்கிறது கற்றாழை. சித்த வைத்தியத்துல இதுக்குக் குமரின்னு பேரு, குமரி எண்ணெய், குமரி லேகியம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது சமஸ்கிருத குமாரி, சிங்களத்துல கோமாரிக்கான்னு சொல்றதும் அதுதான். எப்பவும் வாடாம இளமையா நிக்கிறதால கன்னின்னு பேர் வந்ததா சொல்லுவாங்க.

சோறுக்குத் தமிழ்ல பொங்கின அரிசி மட்டும் அர்த்தம் இல்ல. மரத்துக்குள்ள, தண்டுக்குள்ள இருக்கிற மெத்துனு உள்ளீட்டுக்கும் சோறுன்னு பேரு, பனைக்குள்ள இருக்கிறதையும் சோறுன்னு சொல்றது உண்டு. அப்படித்தான் கத்தாழை மடலுக்குள்ள இருக்கிற கண்ணாடி மாதிரி வழுவழுப்பும் சோறு. இதைத்தான் இப்ப ஜெல்லுன்னு சொல்றோம்.

எங்க அப்பத்தா மடலை அறுத்தா உடனே தோலைச் சீவ மாட்டாங்க. அறுத்த பக்கம் கீழ இருக்கிற மாதிரி சுவத்துல சாய்ச்சு நிறுத்திட்டு வேற வேலைக்குப் போயிடுவாங்க. அடியில மஞ்சளா ஒரு தண்ணி சொட்டுச் சொட்டா வடியும், ஒரு மாதிரி நாத்தம், தரையில பட்டா காய்ஞ்சு பழுப்புக் கறையா நிக்கும். அது வடிஞ்ச பிறகுதான் முள்ளைச் சீவி, தோலை உரிச்சு, சோத்தை எடுத்து ஏழு தண்ணில அலசுவாங்க. ஏழுன்னா ஏழு, விரல் விட்டு எண்ணுவாங்க. காலேஜ் படிக்கும்போது நானே செஞ்சு குடிக்கிறேன்னு நேரா தோலோட மிக்ஸில அடிச்சுக் குடிச்சேன், அன்னைக்கு ராத்திரி முழுக்க வயித்தைப் புரட்டி எடுத்துச்சு, வாயில அந்தக் கசப்பு மறுநாள் வரைக்கும் போகல. ஏழு தண்ணிக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சுது.

அந்த மஞ்சத் தண்ணி தோலுக்கு அடியிலயே ஓடுற தனிச் சாறு, அதுல அலோயின்னு ஒரு பொருள் இருக்கு, குடலைப் போட்டுக் குடைஞ்சு பேதியாக்கும். சோறு அப்படி இல்ல, அதுல 98 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், தோலுக்குக் குளிர்ச்சி. ஒரே மடல்ல அரை விரக்கடை தள்ளி ரெண்டு நேரெதிர் மருந்து. தமிழ்ல ரெண்டுக்கும் ரெண்டு பேரு. உள்ள இருக்கிறது சோறு. வடிஞ்ச சாத்தைக் காய்ச்சி இறுக வச்சது கரியபோளம், கடைப் பேரு மூசாம்பரம். மூசாம்பரம் அரபுல இருந்து வந்தது, அங்க கத்தாழைச் சாறு ஸப்ர், அதே எழுத்துக்கூட்டுல பொறுமைக்கும் சொல் உண்டு. கசப்பைத் தாங்கணும்னா பொறுமை வேணும்ல.

உலகத்துல பாதிப் பேரு தேடி வாங்கினது சோறு இல்ல, இந்தக் கசப்பைத்தான். அரபு வணிகர்கள் சுகோத்ரா தீவுலருந்து கொண்டு வந்தாங்க. தென்னாப்பிரிக்காவுல கேப் அலோன்னு வேற ஒரு இனம், நம்ம கத்தாழை மாதிரி இல்லாம ஆளுயரம் வளரும், தரையில குழி தோண்டி உள்ள விரிப்பு போட்டு, வெட்டின பக்கம் உள்ள பாக்குற மாதிரி மடல்களை வட்டமா அடுக்கி வடிய விடுவாங்க. அப்பத்தா சுவத்துல சாய்ச்சு வச்ச அதே வேலை, அவங்க எதை வேண்டாம்னு வடிய விட்டாங்களோ அதைத்தான் இவங்க சேத்து வச்சு வித்தாங்க. ஜப்பான்ல வீட்டுக்கு வீடு தொட்டியில வளர்க்கிறது இன்னொரு இனம், அதுக்குச் செல்லப் பேரு இஷா இராஸு, டாக்டர் தேவையில்லாதது. எகிப்துல வீட்டு வாசல்ல கத்தாழையைக் கட்டித் தொங்க விடுற வழக்கம் 19ஆம் நூற்றாண்டுலயே பதிவாகியிருக்கு, மண்ணு தண்ணி இல்லாமலே உயிரோட இருக்கிறதால அந்த வீட்டுக்கும் ஆயுசு கெட்டின்னு நம்பிக்கை. நம்ம ஊர்ல திருஷ்டிக்குத் தலைகீழா கட்டுறோமே, அதேதான்.

சோத்துக்கு மேற்கே மவுசு வந்தது ரொம்பப் பிந்தி. எக்ஸ்ரே கதிர் பட்டு வெந்துபோன தோலுக்குக் கத்தாழை மடலை வச்சுக் குணம் கண்டதா 1935ல அமெரிக்காவுல ஒரு மருத்துவக் கட்டுரை வந்துச்சு, அதுக்குப் பிறகுதான் ஜெல், க்ரீம், ஷாம்பூ எல்லாம். எந்தக் கசப்புச் சாத்தை முன்ன மருந்துக்கடையில வித்தாங்களோ அதை டாக்டர் சீட்டு இல்லாம விக்கிற பேதி மருந்துகள்லருந்து அமெரிக்க அரசு 2002ல நீக்கிடுச்சு. முழு மடலையும் தோலோட அரைச்சு எடுத்த சாத்தை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு உண்டு"ங்கிற 2பி பட்டியல்ல வச்சிருக்கு. பாட்டில்ல "அலோவேரா ஜூஸ்"னு மட்டும் எழுதியிருந்தா இதுல எதுன்னு எப்படித் தெரியும்? சோத்துச் சாறா, மடல் சாறா? அலோவேராங்கிற ஒத்தைச் சொல் ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கட்டிடுது, சோறு, கரியபோளம்னு சொன்னா தானா பிரிஞ்சிடும்.

இன்னொரு எச்சரிக்கை, வெறும் கத்தாழைன்னா வேற செடியும் வந்து மாட்டும். ரயில்பாதை ஓரமா வேலிக்கு நட்டதால ரயில் கத்தாழை, ஆனைக் கத்தாழைன்னு சொல்றோமே, அது மெக்சிகோ பக்கத்துலருந்து வந்த அகேவ், நார் எடுக்கிறது. அதோட சாறு மேல பட்டா அரிச்சுத் தடிச்சுப் போயிடும். கத்தாழை குளுமைன்னு கேட்டுட்டு அதைப் போய் மூஞ்சில தேய்ச்சவங்களை நானே பாத்திருக்கேன். ஒடிச்சுப் பாருங்க, உள்ள சோறு இல்லாம நாரா வந்தா அது நம்மது இல்ல.

ஆக செடிக்கு சோற்றுக்கற்றாழை, ஜெல்லுக்குக் கற்றாழைச் சோறு. பேச்சுல கத்தாழைச் சோறுன்னா போதும். இறுகின சாத்துக்குக் கரியபோளம், நாட்டு மருந்துக் கடையில மூசாம்பரம்னு கேளுங்க, கருப்புக் கண்ணாடி ஒடிஞ்ச மாதிரி பளபளன்னு துண்டு துண்டா குடுப்பாங்க, நுணுக்கினா மஞ்சப் பொடியா வரும். சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் குழைச்சுப் பத்து போடுறது அது, மிச்சத்தை நல்லா மூடி குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வையுங்க.