பீய்ச்சி: இன்ஜெக்டருக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆயில் எஞ்சின் பட்டறைகளில், எஞ்சினுக்குள் எரிபொருளை அழுத்தித் தள்ளும் ‘இன்ஜெக்டர்’ என்ற பாகத்தின் பெயர் அதிகம் அடிபடாது. அங்கே அது ‘நாசில்’. எஞ்சின் கரும்புகை கக்கினால் நாசில் ஒழுகுகிறது. இழுவை இல்லாமல் திணறினால் நாசில் அடைத்துக்கொண்டது. டேங்க் வற்றிப்போய், மறுபடி டீசல் ஊற்றியும் ஓட மறுத்தால் ‘ஏர் லாக்’. கழற்றிய நாசிலைச் சோதனைப் பம்பில் மாட்டி மெக்கானிக் கைப்பிடியை அழுத்துவார். அழுத்தமானியின் முள் 200 பாரை நெருங்கும்போது நாசில் ‘கிர்ர்’ என்று கத்திக்கொண்டு டீசலைப் புகையாகக் கக்க வேண்டும். கத்தாமல் ஒழுகினாலும், நிறுத்திய பிறகு நுனியில் ஒரு சொட்டு தொங்கினாலும் அது தேறாது. அந்தப் புகைக்கு எதிரே விவரம் தெரிந்தவர் யாரும் விரலை நீட்ட மாட்டார். தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

திருவாரூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே, வார விடுமுறைகளில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தானே கட்டிவருகிறார். அந்த நாட்டில் சட்டம் அதற்கு இடம் தருகிறது: வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்கள் தம் கையால் செய்திருந்தால் ‘சோதனை வகை’ விமானமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவர் பொருத்தியிருப்பது மாஸ்டா காரிலிருந்து எடுத்த 13பி ரோட்டரி எஞ்சின். பல குறுவைகளை ஆயில் எஞ்சினை வைத்தே கரையேற்றிய அவருடைய அப்பா, “அங்கே அப்படி என்னதான் செய்கிறாய்?” என்று கேட்கிறாராம். ‘ரோட்டரி எஞ்சினில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் டியூனிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். ரோட்டரி, இன்ஜெக்‌ஷன், டியூனிங் ஆகிய மூன்று சொற்களும் மூன்று விதமான சிக்கல். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘இன்ஜெக்‌ஷன்’ இலத்தீன் வழி வந்தது. ‘இன்’ என்றால் உள்ளே; ‘யாகெரே’ என்றால் எறிதல். உள்ளே எறிவது என்பதுதான் வேர்ப்பொருள். எறிகிற வேலை இதில் உண்மையிலேயே நடக்கிறது. கார்புரேட்டரில் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக விரைகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் தானாக இழுபட்டு வருகிறது. இன்ஜெக்‌ஷனில் இழுப்பதற்கு வேலை இல்லை, பம்ப் தள்ளுகிறது.

இந்த வேறுபாட்டின் விலையை 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் வானத்தில் கொடுத்தார்கள். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பிக்கொள்ளும், எஞ்சின் திணறும். ஜெர்மானிய எதிரி ஓட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் இருந்த டைம்லர் பென்ஸ் டிபி 601 எஞ்சின், நேராக உருளைக்குள்ளேயே (சிலிண்டர்) எரிபொருளைத் தள்ளியது. அதனால் தயங்காமல் பாய்ந்து தப்பித்தது. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தட்டைக் குழாய்வழியில் செருகி, 1941இல் இதற்கு ஓரளவு நிவாரணம் தந்தார்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே சில சொற்கள் உண்டு. ‘தெளிப்பான்’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். டெல்டாவில் தெளிப்பான் என்றால் முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கும் கருவி. தெளிப்பதில் பரப்புவது இருக்கிறது, அளந்து கொடுப்பது இல்லை. கலைச்சொல் அகராதிகள் விரும்புவது ‘உட்செலுத்தி’. பிழையில்லாத சொல்தான், ஆனால் உயிரில்லை. பணத்தை வங்கியில் செலுத்தலாம், காரைச் செலுத்தலாம், கவனம் செலுத்தலாம், அஞ்சலியும் செலுத்தலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வினை எதையும் கண்முன் கொண்டுவருவதில்லை. ‘உட்பாய்ச்சி’ இன்னும் கொஞ்சம் தேவலை. வேலைப் பாய்ச்சினான் என்று சொல்கிறோமே, அந்தப் பொருளில் எறிதலுக்கு அது மிகவும் நெருக்கம். ஆனாலும் காவிரிப் பாசனக்காரர் காதில் ‘பாய்ச்சு’ என்றதும் விழுவது தண்ணீர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகப் போகும் தண்ணீர்.

என் ஓட்டு ‘பீய்ச்சு’ என்ற வினைக்கு. பசுவின் மடியிலிருந்து பாலைப் பீய்ச்சுகிறோம். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததாக நாளிதழ்கள் எழுதுகின்றன. பிள்ளைகள் விளையாடுவது பீச்சாங்குழல். மூன்றிலும் பொதுவாக இருப்பது அழுத்தம், சிறிய துளை, சீறி வரும் தாரை. ஒரு இன்ஜெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறென்ன இருக்கிறது? கருவி ‘பீய்ச்சி’, செயல் ‘பீய்ச்சல்’, முழுத் தொடர் ‘எரிபொருள் பீய்ச்சல்’. வயிற்றுப்போக்குக்கும் இதே வினை வழங்குவதால்தான் அகராதிக் குழுக்கள் இதைத் தொடக் கூசின என்பது என் ஊகம். அந்தக் கூச்சம் பட்டறையில் கிடையாது. எழுத்துமுறையில் ‘பீச்சு’, ‘பீய்ச்சு’ இரண்டும் வழக்கில் உள்ளன. நாளிதழ் வழக்கை ஒட்டி நான் யகர ஒற்றோடு எழுதுகிறேன்.

‘ரோட்டரி’யை டெல்டாவில் சொன்னால் ஒன்று ரோட்டரி சங்கம் நினைவுக்கு வரும், அல்லது டிராக்டருக்குப் பின்னால் சேற்றைக் கலக்கும் ரோட்டவேட்டர். ‘ரோட்டா’ என்றால் இலத்தீனில் சக்கரம். நம்மிடம் வடமொழி வழி வந்து வழங்கும் ‘ரதம்’ அதற்கு உறவுமுறை. விமான வரலாற்றில் இந்தப் பெயர் இரண்டு முற்றிலும் வேறான எஞ்சின்களுக்கு உண்டு என்பதுதான் தொல்லை. பழையது, பிரான்சின் செகான் சகோதரர்கள் முதல் உலகப் போருக்கு முன்பே கொண்டுவந்த ‘நோம்’ வகை. அதில் வளைதண்டு (கிராங்க் ஷாஃப்ட்) விமான உடலோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். உருளைகள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுற்றும். உராய்வெண்ணெயாக ஊற்றியது ஆமணக்கெண்ணெய். பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பது காரணம். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்புவதில்லை. புகையோடு விமானியின் முகத்தில் அடிக்கும், கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

புதியது ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957இல் முதல் மாதிரி ஓடியது. பத்தாண்டு கழித்து மாஸ்டா இரட்டைச் சுழலி காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம், இடுப்பு சற்று ஒடுங்கிய கூட்டுக்குள் சுழல்கிறது. முக்கோணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். முக்கோணத்துக்குச் ‘சுழலி’ என்றும், எஞ்சினுக்குச் ‘சுழலி எஞ்சின்’ என்றும் சொல்லலாம். பழைய நோம் வகையைச் ‘சுழலுருளை எஞ்சின்’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும். எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும். பம்ப்செட் கொட்டகைக்குள் போய் ‘இயந்திரம்’ என்றால் எந்த இயந்திரம் என்றுதான் கேட்பார்கள்.

‘டியூனிங்’தான் கடினமானது. கிரேக்கத்தில் ‘டோனோஸ்’ என்றால் இழுத்துக் கட்டுதல். நரம்பை இழுத்துக் கட்டினால் சுதி பிறக்கும். அங்கிருந்து ‘டோன்’, அதன் திரிபு ‘டியூன்’. வீணை செய்யும் தஞ்சாவூரில் இதற்கு நேரான சொல் ‘சுருதி சேர்த்தல்’. ஆனால் எஞ்சினுக்கு அது ஒட்டாது. காரணத்தைச் சொல்ல, அந்த 13பி எஞ்சினுக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

முறைப்பாசன நாள்களில் வாய்க்காலின் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தார்கள் என்பதை வைத்தே யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். மேலே மட்டம் மாறாமல் இருந்தால் நேரம்தான் அளவு. பீய்ச்சியும் அப்படித்தான். எரிபொருள் குழாயில் அழுத்தம் சுமார் 3 பாரில் நிலையாக இருக்கும். எஞ்சினின் கணினிப் பெட்டி தீர்மானிப்பது திறந்திருக்கும் நேரத்தை மட்டும். அந்த நேரம் மில்லி நொடிகளில். தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 10 மில்லி நொடி. ஒவ்வொரு சுழலிக்கும் சுற்றுக்கு ஒரு முறை தீனி போட வேண்டும், எல்லாம் அந்தப் பத்துக்குள்.

பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறு பக்கம், எஞ்சினுக்குக் காற்று போகும் உறிஞ்சுகுழாயின் காற்றழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் திறப்பது என்பதற்கான எண். இந்த எண்களைத் திருத்துவதுதான் டியூனிங். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடையளவில் வேண்டும். முழு வலுவுக்குச் சுமார் 12.5 பங்கு போதும். சீரான பறப்பில் இன்னும் காற்றைக் கூட்டிச் சிக்கனம் பார்க்கலாம். எரிபொருள் கூடினால் ‘செறிந்த கலவை’, குறைந்தால் ‘மெலிந்த கலவை’. முழு வலுவில் மெலிந்துவிட்டால் கலவை தாறுமாறாக வெடித்து, சுழலியின் மூன்று முனைகளில் இருக்கும் மெல்லிய அடைப்புப் பட்டைகளை முறிக்கும். அதன் பிறகு எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்.

காரில் இதைச் சாலையிலேயே பார்த்துவிடலாம். விமானத்தில் தரையில் கட்டிவைத்து ஓட்டினால் அட்டவணையின் குறுக்கே ஒரே ஒரு கோடுதான் கிடைக்கும். மாறாத கோணமுள்ள விசிறி, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சுமையையே தரும். விசையைக் குறைத்துக்கொண்டு இறங்கும்போது காற்றே விசிறியைச் சுற்றும். வேகம் இருக்கும், உறிஞ்சுகுழாயில் அழுத்தம் குறைந்திருக்கும். அந்தக் கட்டங்களைத் தரையில் எட்டவே முடியாது. 8,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கடலை ஒட்டிய நம் சமவெளியில் ஓடும் பம்ப்செட்டுக்கு வாழ்நாளில் இந்தக் கவலை வந்ததில்லை. போதாக்குறைக்கு, விமானங்களுக்கென்று விற்கும் பெட்ரோல் பலவற்றில் ஈயம் உண்டு. கலவையை அளக்கப் புகைக்குழாயில் வைக்கும் ஆக்சிஜன் உணரியை அது கெடுத்துவிடும். எனவே உணரி தரும் எண்ணோடு புகைவெப்பத்தையும் வலுவையும் சேர்த்துப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள்.

சுருதி என்பது ஒரே இடத்தில் நிற்பது. ஆதார சட்ஜம் பாட்டு முடியும்வரை மாறாது. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியான நிலை வேறு. நம்மிடம் அதற்குச் சொல் இருக்கிறது: பதம். பாகுக்குப் பதம் உண்டு, உழவுக்கு ஈரப்பதம் உண்டு. ஒன்றின் பதம் மற்றதற்கு ஆகாது. ஆகவே டியூனிங்குக்கு என் பரிந்துரை ‘கலவைப் பதம் பார்த்தல்’. கத்தி கையைப் பதம் பார்த்தது என்ற வழக்கும் இருப்பது எனக்குத் தெரியும். முனைப்பட்டை முறிந்த எஞ்சின்காரர் அதையும் ஒப்புக்கொள்வார்.

துணைச்சொற்கள் இரண்டு மிச்சம். 13பியில் பொதுவாகச் சுழலிக்கு இரண்டு பீய்ச்சிகள் உண்டு. மெதுவாக ஓடும்போது ஒன்றே வேலை செய்யும். சுமை ஏறினால் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இவற்றை ‘முதற்பீய்ச்சி’, ‘துணைப்பீய்ச்சி’ எனலாம். துணை சேரும் அந்தக் கணத்தில் கணக்குப் பிசகினால் எஞ்சின் இருமும். பிசகுக்குப் பெரும்பாலும் காரணம், மின்சாரம் வந்த பிறகும் பீய்ச்சியின் துளையை அடைத்திருக்கும் ஊசி எழும்ப எடுத்துக்கொள்ளும் சுமார் ஒரு மில்லி நொடி. அந்தக் காத்திருப்புக்குத் ‘திறப்புத் தாமதம்’ என்று பெயர் வைக்கலாம். மின்னாக்கி நின்று பேட்டரி மட்டும் தாங்கும் வேளையில் வோல்ட் இறங்க இறங்க இந்தத் தாமதம் நீளும், கலவை மெலியும். நல்ல பெட்டிகள் வோல்ட்டையும் அளந்து அதற்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அந்தத் திருத்த எண்களையும் கட்டுபவரே நிரப்ப வேண்டும்.