பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

போன மே மாதம் மொரீசியஸில் மாயேபூர் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மொரீசியஸ்காரர், பேசுகிற தமிழ் அப்படியே பாடப்புத்தகம். "தம்பி, இதுவே என் படகு. வண்ணம் மட்டும் பூசினால் போதும்" என்றார். 18 அடி ஃபைபர் படகு, வயது முப்பதுக்குக் குறையாது. பக்கத்தில் நீல பெயின்ட் இரண்டு டப்பா, ரோலர், பிரஷ் எல்லாம் தயாராக இருந்தன.

தூத்துக்குடியில் ஃபைபர் வள்ளம் கட்டுகிற பட்டறையில் தொழில் கற்றவன் நான். இந்தத் தீவில் படகு ரிப்பேர் பார்க்க ஆரம்பித்து 11 வருடமாகிறது. பழைய படகு வாங்குகிற புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் பெயின்ட் கடைக்குத்தான் போகிறார்கள். ஃபைபர் மக்காது, ஆகவே உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. ஃபைபர் மக்காதுதான். அதற்குள் வைத்து மூடிய மரம் மக்கும்.

ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனேன். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். நடுவில் வந்ததும் 'தொப் தொப்'. பலாப்பழம் தட்டிப் பார்த்து வாங்கிய காதுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தரவே வேண்டாம். மந்தமாகக் கேட்கிற இடத்தில் மேல்தோல் உள்மரத்தை விட்டுப் பிரிந்திருக்கும், அல்லது மரம் ஊறிப்போயிருக்கும். சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னேன். வாத்தியார் அல்லவா, ஆசையாகப் போட்டார். ஐந்தாவது வட்டம் வந்தபோது முகம் வாடிவிட்டது.

அடுத்தது இன்ஜின் மாட்டும் பின்பலகை. எழுபது எண்பது கிலோ இன்ஜின் அதில்தான் தொங்குகிறது. உள்பக்கம், அடியோரமாக, 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டேன். நல்ல மரமாக இருந்தால் வெளிறிய, உலர்ந்த தூள் உதிரும். இதில் வந்தது ஊறவைத்த புளி மாதிரி கரிய சக்கை. இன்ஜின் போல்ட் போட்ட ஓட்டைகளைச் சரியாக அடைக்காமல் விட்டதால் வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதன்மேல் என்ன பெயின்ட் அடித்தாலும், லகூன் (பவளத்திட்டுக்கு உள்ளே அமைதியாக இருக்கும் கடல்) தாண்டி அலையில் ஏறும்போது இன்ஜின் பலகையோடு பெயர்ந்து வரலாம். நான் பார்க்கப் போகிற எந்தப் படகிலும் இந்தத் துளையைப் போடாமல் விலை பேச விடுவதில்லை.

வெளிப்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, காசு அளவுக் கொப்புளங்கள். அவற்றைக் குத்திப் பார்ப்பதானால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற திரவம் முகத்தில் பீய்ச்சும், காடி வாடை அடிக்கும். ஒன்றிரண்டு என்றால் தோண்டி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, காயவிட்டு எபாக்ஸிப் பசையால் அடைக்கலாம். காய்வதற்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல், மழை, புழுக்கம். ஆகவே மே மாதம் தொடங்குவது நல்லது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒட்டுப்போடும் வேலையில் புதியவர்கள் செய்கிற தவறு, ஓட்டையின் அளவுக்கே மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வெட்டுவது. தோல் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டராவது சரிவாகத் தேய்த்து எடுங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. அசிட்டோன் போட்டுத் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் பழைய மெழுகும் எண்ணெயும் உள்ளே அழுந்திவிடும்.

சரி, இனிமேல் சொல்வதை அவசரமில்லாமல் படியுங்கள். கடையில் கிடைக்கிற பாலியஸ்டர் ரெசினில் (மேட்டை ஊறவைத்து ஒட்டும் பிசின்) இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் பெரும்பாலும் கலந்தே இருக்கும். சில இடங்களில் கோபால்ட் தனியாக, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் தனியாக இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

கேட்டலிஸ்ட் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். முன்பு நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு பையனுக்குத் தெறித்தது. குழாயடியில் தலையைப் பிடித்து, இமையை விரித்து, கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம், பிறகுதான் ஆஸ்பத்திரி. கண் பிழைத்தது. அன்றிலிருந்து பாட்டில் மூடியைத் திறக்குமுன் என் கை தானாகக் கண்ணாடியைத் தேடும்.

கேட்டலிஸ்ட் அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 10 கிராமுக்குக் கீழே குறைக்காதீர்கள், உள்ளே முழுதாக இறுகாமலே நின்றுவிடும். அதற்குப் பதில் அரைக் கிலோவாகக் கலக்குங்கள். ஒரு வாளி நிறையக் கலந்து வைத்து, அது கொதித்துப் புகைந்து, வாளியே உருகி ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்தவனும் நான்தான்.

முகத்துக்குத் துணி கட்டுவது வீண். தூசிக்கு ஒரு வடிகட்டி, ரெசின் வாடைக்கு வேறொன்று. பழுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் சேர்ந்த, முகமூடியில் மாட்டுகிற கார்ட்ரிட்ஜ் இரண்டுக்கும் ஆகும். தேய்க்கும்போது போட்ட உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள், கண்ணாடி நார் குழந்தைகள் சட்டையில் ஏறி அரிக்கும். அடிப்பக்கத்துப் பழைய பெயின்டில் செம்பு இருக்கும். அதை ஈரப்படுத்தித் தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்துச் சேகரியுங்கள். லகூனுக்குள் போனால் மீனுக்கும் பவளத்துக்கும் கேடு.

ஆசிரியர் படகில் பின்பலகையைப் புதிதாக மாற்றிவிட்டோம். தளம் பாதி திறந்து கிடக்கிறது. வாரம் தவறாமல் போன் செய்து, "தம்பி, உலர்ந்துவிட்டதா?" என்கிறார். நேற்று ஒட்டிய பிளாஸ்டிக்கில் ஓரமாக இன்னும் வியர்வை இருந்தது. நீல டப்பா இரண்டும் மூடி திறக்காமல் அவர் கார் ஷெட்டிலேயே இருக்கின்றன.