“இத்தனை பேர் செத்த பிறகா, சார்?”

பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர் பயிற்சி கொடுக்கிறேன். ‘அந்நிய மண்ணில் போரிடும் படையைத் திரும்ப அழைக்க வேண்டுமா’ என்று தலைப்பு கொடுத்தால் போதும், யாராவது எழுந்து, “இத்தனை பேர் உயிரைக் கொடுத்த பிறகு பாதியில விட்டுட்டு வந்தா, அவங்க செத்தது வீண்தானே சார்?” என்று கேட்டுவிடுவார். கைதட்டல் பறக்கும். நான் புள்ளி போடுவதில்லை.

வியட்நாமைப் பாருங்கள். 1969-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் படைக்குறைப்பைத் தொடங்கிவிட்டார். கௌரவமாக வெளியேற வேண்டும் என்று இழுத்தடித்ததில், அந்த ஆண்டு முதல் 1972 வரை மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். மொத்தச் சாவு 58,000-ஐத் தாண்டியது. முன்னால் போனவர்களுக்கு நியாயம் தேடப் பின்னால் ஆளனுப்பிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும். (அந்தச் சிப்பாய்கள் விடுப்பில் பினாங்குக்கும் வந்து போனார்கள் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தாத்தாவைக் கேளுங்கள் என்பேன்.)

‘உடனே வா’ என்கிற அணியும் லேசுப்பட்டதில்லை. விமானம் ஏறும் சிப்பாயோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். அவன் விட்டுவந்த ஊரில் உள்ளூர்ப் படைக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் தருவது? 1989 பிப்ரவரி 15-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது. அது ஆதரித்த ஆப்கான் அதிபர் நஜிபுல்லா சில மாதம்கூடத் தாங்கமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். படை போனாலும் பணம், எரிபொருள், ஆயுதம் எல்லாம் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்தன. சோவியத் ஒன்றியமே கலைந்து வரத்து நின்றதும் ஆட்சி கவிழ்ந்தது. 2021-இல் நடந்தது நேர்மாறு. ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பழுதுபார்த்து வந்த ஒப்பந்தப் பணியாளர்களும் அமெரிக்கப் படையோடு கிளம்பினார்கள். பறக்க வேண்டிய விமானங்கள் தரையில் நின்றன. கடைசிச் சிப்பாய் ஆகஸ்ட் 30-இல் விமானம் ஏறினார். காபூல் விழுந்ததோ ஆகஸ்ட் 15-இலேயே.

அதனால் இரு அணியிடமும் நான் கேட்பது: இன்னும் ஓராண்டு இருந்தால் இதுவரை கிடைக்காத எது கிடைக்கும்? கிளம்பினால், சம்பளமும் டீசலும் மெக்கானிக்கும் எத்தனை நாளைக்கு?

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை என்றால் மட்டும் வகுப்பு சூடாகிவிடும். சிலருக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தம். 1987 முதல் 1990 வரை சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். அங்கே தமிழ்ப் பொதுமக்கள் பட்டதைச் சொல்லாமல் அந்த எண்ணிக்கையை மட்டும் மேடையில் வைத்தால் நானே மணியடித்து நிறுத்திவிடுவேன். வரவழைத்தது இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவின் அரசு, போகச் சொன்னது அவருக்குப் பின் அதிபராக வந்த பிரேமதாச. ‘இருக்கட்டும்’ என்று வாதாடுகிற அணி முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.